செண்பகம் அக்காவின் ஆறாவது வார்த்தை

எங்கே இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு இருக்கமாட்டாத என் அன்பு அக்கா செண்பகத்துக்கு,

முதற்கண் ஒரு முக்கிய அறிவிப்பு. நம் தெரு முக்கிலுள்ள எஸ்.டி.டி. பூத்தின் கண்ணாடிக் கதவு, பல்லாண்டுகளாகக் கீச்சென்று கத்தித் தெருவுக்குத் தொண்டாற்றி வந்த நிலையில், நேற்று மாலை நாலரை மணியளவில் தேங்காயெண்ணெய் விடப்பட்டு அமைதியடைந்தது. பெரியோர்களும் தாய்மார்களும் வந்து திறந்து மூடிப் பார்த்துச் சென்றனர். நம் வீட்டின் சார்பில் நானும் நாலு தடவை திறந்து மூடினேன். ஐந்தாவது தடவைக்குப் பூத்துக்கார மாமா, "ஏலே வேலு, போன் பேச வந்தியா, கதவுக்குக் காத்து வாங்கிக் குடுக்க வந்தியா?" என்று கேட்டுவிட்டார்.

மற்றபடி எல்லோரும் சுகம். நீ போய், வருகிற ஐப்பசியோடு ஒரு வருஷம். அன்றைக்குப் பெய்த மழையில் உன்னைக் கொண்டுபோனவர்கள் எல்லாம் கரிசல் மண் அப்பின செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பினார்கள். நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய். பார்த்தாயா?

இந்தக் கடிதத்தை எங்கள் பள்ளிக்கூட ஆண்டு மலருக்குக் கொடுக்கப்போகிறேன். "செத்தவங்களுக்கு எழுதுத கடுதாசியில கெட்ட வார்த்தை கூடாதுடே" என்று தமிழய்யா சொல்லியிருக்கிறார். அதனால் ஜெயசீலனைப் பற்றி நான் மனதில் நினைப்பதில் கால்வாசிதான் இங்கே இருக்கும். மீதியை நீயே போட்டுக்கொள்.

ஜெயசீலன் யாரென்று உனக்குத் தெரியும். மலர் வாங்குகிற வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். நம் ஊர் கோவில்பட்டியில் கேபிள் டிவியை நடத்துகிறவன். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குக் கோட்டு மாட்டிக்கொண்டு அவனே காமிரா முன்னால் உட்காருவான். பின்னால் ஒரு பலகையில் ஏழு இங்கிலீஷ் எழுத்து கலைந்து தொங்கும். போன் போடுகிறவர்கள் ஒரு நிமிஷத்துக்குள் அந்த எழுத்துகளில் சின்னச் சின்ன வார்த்தை கட்டவேண்டும். கட்டினால் போதாது, அர்த்தமும் சொல்லவேண்டும். அவன் கையிலிருக்கிற பாக்கெட் அகராதியைப் புரட்டி, வார்த்தையையும் அர்த்தத்தையும் காமிராவைப் பார்த்துத் திருப்பிச் சொல்லி, "சரியான விடை" என்பான். யாருக்கு வார்த்தை அதிகமோ அவர்களுக்கு ஒரு ஹாட்பாக்ஸ்.

உனக்கு அது பெரிய விஷயமே இல்லை. பத்தாவதோடு நின்றுவிட்டுத் தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டப் போனவள் நீ. கழித்துப் போட்ட லேபிள்களை வீட்டுக்கு எடுத்து வந்து, அதிலிருக்கிற இங்கிலீஷ் எழுத்துகளைக் கத்தரித்து, ஒரு டப்பாவில் குலுக்கி, ஏழு எழுத்தை எடுத்துத் தரையில் போடுவாய். பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கின அட்டையில்லாத தடி அகராதி பக்கத்தில் இருக்கும். நான் என் மேதாவித்தனத்தில் இல்லாத வார்த்தை ஒன்றைக் கட்டினால், "அர்த்தம் சொல்லுலே. அர்த்தம் இல்லாத வார்த்தையும் உப்பில்லாத கூழும் எனக்கு வேண்டாம்" என்பாய். நான் ஒரு அர்த்தத்தையும் சொந்தமாகவே தயார்பண்ணிச் சொல்வேன். தலையில் ஒரு குட்டு விழும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, நாம் இரண்டு பேரும் பூத்துக்குள் நெருக்கிக்கொண்டு நின்றோம். எதிர் டீக்கடை டிவியில் பலகை தெரிந்தது. டபிள்யூ, ஏ, என், டி, இ, ஆர், எஸ். நீ மூச்சு விடாமல் அடுக்கினாய். வார், சண்டை. ட்யூ, பனித்துளி. டென், குகை. ரா, பச்சை. ஸோ, தைப்பது. உனக்கு முன்னால் பேசின ஆளும் ஐந்துதான். இன்னும் ஒன்று வேண்டும்.

"ஏ, டபிள்யூ, என். ஆன்" என்றாய்.

"அர்த்தம் சொல்லுங்க தங்கச்சி."

"கம்புக் கதிரு, நெல்லுக் கதிருல முள்ளு மாதிரி கூரா நீட்டிக்கிட்டு இருக்கும்லா அண்ணாச்சி, அது."

அவன் புரட்டினான். மறுபடியும் புரட்டினான். "அப்படி ஒண்ணும் இல்லையேம்மா" என்றான்.

"இருக்கு அண்ணாச்சி. எங்க வீட்டு அகராதியில நான் பாத்திருக்கேன்."

"எங்க வேலை பாக்கீங்க?"

"தீப்பெட்டி ஆபீஸ்ல."

அப்போதுதான் அவன் காமிராவைப் பார்த்துச் சிரித்தான். "தங்கச்சி, தீப்பெட்டி ஆபீஸ்ல தீக்குச்சி செய்ங்க. இங்கிலீசு செய்யாதீங்க. அது வெள்ளைக்காரன் பாத்துக்கிடுவான்."

டீக்கடையே சிரித்தது. நீயும் சிரித்தாய், ரிசீவரைக் கீழே வைத்துவிட்டு.

மறுநாளிலிருந்து ஆபீசில் உனக்குப் பேர் 'ஆனு'. "ஏட்டி ஆனு, கோந்துக் கிண்ணத்தை இங்கன தள்ளு." "ஏட்டி ஆனு, புதுசா என்ன வார்த்தை செஞ்சிருக்க?" தெருவில் பயல்கள் சைக்கிளில் போகும்போது மணிக்குப் பதிலாக 'ஆன், ஆன்' என்று கத்தினார்கள். அடுத்த ஞாயிறு அகராதியைத் தூக்கிக்கொண்டு போய் அவனிடம் காட்டு என்றேன். "போலே, இதுக்குப் போயி எவன்ட்ட நிக்க?" என்றாய். எழுத்து டப்பாவைப் பரண்மேல் போட்டுவிட்டாய். நான் எத்தனை தடவை கேட்டும் இறக்கவில்லை. நாலு மாதம் கழித்து உன் கண் மஞ்சளாயிற்று.

ஆஸ்பத்திரியில் காமாலை என்றார்கள். நான் ஜெயசீலன் என்றேன்.

இனி உன் தம்பியின் வீரப் பிரதாபங்களைக் கேள்.

முதல் தாக்குதல் தபால் வழியாக. உன் தடி அகராதியில் அந்த வார்த்தை எந்தப் பக்கம், எத்தனையாவது வரி என்று எழுதி, வாரம் ஒரு போஸ்ட் கார்டு அவனுக்குப் போட்டேன். ஒரு வாரம் பாஞ்சாலங்குறிச்சி பரமசிவம், ஒரு வாரம் ஓய்வுபெற்ற ஆசிரியை, ஒரு வாரம் 'உண்மை விளம்பி'. ஒன்பது கார்டு. ஒன்றைக்கூட அவன் வாசிக்கவில்லை. ஒன்பதிலும் ஒரே கையெழுத்து என்பது பத்தாவது கார்டு எழுதும்போதுதான் எனக்கு உறைத்தது. சரி, அதை விடு.

இரண்டாவது தாக்குதலைக் கேட்டால் நீ வயிற்றைப் பிடித்துக்கொள்வாய். நேயர்கள் ஏழு எழுத்து அனுப்பினால் அடுத்த வாரம் பலகையில் தொங்கவிடுவான் அல்லவா? ஸ்டேஷனரி கடைக்குப் போய், அவன் வைத்திருக்கிற அதே பாக்கெட் அகராதியை அரைமணி நேரம் நின்று புரட்டினேன். எனக்கு வேண்டிய வார்த்தை எல்லாம் அதில் இருந்தன. ஓ, ஏ, எஃப், எல், யூ, டி, எஸ். இடது கையால் எழுதி, மணியாச்சி ராஜாமணி என்று பேர் போட்டு அனுப்பினேன்.

"பாருங்க, மணியாச்சி வரைக்கும் நம்ம சேனலைப் பாக்காங்க" என்று அவனுக்கு ஒரே பூரிப்பு. அவன் கேபிள் வயர் ரயில்வே கேட்டைத் தாண்டாது என்பது ஊருக்கே தெரியும். பூரித்த மனுஷனுக்கு அது ஞாபகம் வரவில்லை.

என் வகுப்புப் பயல்கள் மூன்று பேர் மூன்று பூத்தில் தயாராக நின்றார்கள். முதல் போன்.

"ஓ, ஏ, எஃப். ஓஃப், அண்ணாச்சி."

"இருக்கு. அர்த்தம் சொல்லுங்க தம்பி."

"மட்டிப்பய, அண்ணாச்சி."

அவன் காமிராவை நேராகப் பார்த்து, கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "மட்டிப்பய. சரியான விடை" என்றான்.

இரண்டாவது பயல், "எல், ஓ, யூ, டி. நாகரிகம் தெரியாத முரடன்" என்றான். "நாகரிகம் தெரியாத முரடன். சரியான விடை." அடுத்து அதே பயல், "எஸ், ஓ, டி. மொடாக்குடியன்." "மொடாக்குடியன். சரியான விடை." டீக்கடையில் ஒரு ஆள் டீயைத் துப்பிவிட்டார். மூன்றாவது பயல்தான் எமன்.

"எஃப், ஏ, டி. ஃபேட். கொழுப்பு, அண்ணாச்சி."

"கொழுப்பா?"

"ஆமா அண்ணாச்சி, உங்களுக்குக் கொழுப்பு சரிதான?"

"கொழுப்பு சரிதான்" என்றான் ஜெயசீலன்.

அன்றைக்கு உன் போட்டோவுக்குப் போட்ட மாலையை நான்தான் கட்டினேன். கட்டும்போது சீட்டியடித்தேன் என்று அம்மா ஏசினாள்.

ஆனால் அக்கா, அதுவும் எனக்குப் போதவில்லை. உன்னை ஊர் பார்க்கச் சிரித்தவன், ஊர் பார்க்கவே 'இருக்கிறது' என்று சொல்லவேண்டும். அதுதான் கணக்கு. அதனால் மூன்றாவது தாக்குதலுக்கு நேரிலேயே போனேன். உன் அகராதியை அவன் மேஜைமேல் தொப்பென்று போட்டேன். "படி" என்றேன். படித்தான். முகம் கறுத்தது. "எங்கக்கா பேரச் சொல்லு" என்றேன். சொன்னான். "காமிராவைப் போடு, கையைக் கூப்பு" என்றேன். கூப்பினான், கண்ணில் தண்ணீரோடு. கோவில்பட்டியே பார்த்தது.

இதை நேற்று உன் போட்டோ முன்னால் நின்று, கை காலெல்லாம் ஆட்டி உனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னால் அம்மா நின்றிருக்கிறாள்.

"ஏலே, எந்த ஞாயித்துக்கிழமை காட்டினான்? நம்ம வீட்டு டிவியில வரலியே."

அவளிடம் சொல்லாததை உன்னிடம் சொல்லிவிடுகிறேன். சிரிக்காமல் கேள்.

போனது உண்மை. புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டு, அகராதியைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனேன். கோட்டு இல்லாமல், லுங்கியும் பனியனுமாக அவர் தரையில் உட்கார்ந்து பல்லால் வயரைக் கடித்துக்கொண்டிருந்தார். டிவியில் தெரிவதைவிடச் சின்ன ஆள். நிமிர்ந்து பார்த்து, "என்ன தம்பி, படம் தெரியலையா?" என்று கேட்டார்.

"ஆமா அண்ணாச்சி. புள்ளி புள்ளியா வருது" என்றேன்.

ஆமாம் அக்கா. அப்படித்தான் சொன்னேன். எங்கே, எந்தத் தெரு என்று அவர் எழுதிக்கொள்ளப் பேனா கேட்டார். பையைத் திறந்தபோது அகராதி வெளியே வந்துவிட்டது. நீ அந்தப் பக்கத்தில் வைத்திருந்த லேபிளும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவராகவே வாங்கிப் பிரித்தார். விரலை வைத்து வாசித்தார். ரொம்ப நேரம் எடுத்தது.

"அந்தத் தீப்பெட்டி ஆபீஸ் பிள்ளைக்கு நீ என்ன வேணும்?"

"தம்பி."

"என் புஸ்தகத்துல இல்லப்பா அன்னைக்கு. இல்லன்னா இல்லைன்னு சொல்லிட்டு விட்டிருக்கணும். வாய் நீண்டு போச்சு. எங்க வீட்டுக்காரி ரெண்டு நாளு என்கிட்ட பேசல. அவளும் தீப்பெட்டி ஆபீஸ்ல கட்டை அடுக்கினவதான்." பிறகு கேட்டார்: "அந்தப் பிள்ளை பெறவு போனே போடலியே. நல்லா இருக்காளா?"

அந்த இடத்தில்தான் நான் சொல்லியிருக்கவேண்டும். ஒரு வருஷமாக அதற்காகத்தானே சாணை பிடித்து வைத்திருந்தேன். 'உங்களாலதான்' என்று ஒரே குத்து. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"நல்லா இருக்கா அண்ணாச்சி" என்றேன்.

"கல்யாணம் ஆயிட்டா?"

"ஆயிட்டு. விளாத்திகுளத்துல குடுத்திருக்கு."

"மாப்பிள்ளைக்கு என்ன தொழிலு?"

"மிளகாய் யாவாரம்."

நல்ல இடம்தான் அக்கா. மாமியார் தொந்தரவு இல்லை, அதையும் சொன்னேன். அவருக்குச் சந்தோஷம். எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். உன்னைக் கேலி செய்தவரின் டீயை, மேலே படிந்த ஆடையை எடுத்துப் போட்டுவிட்டு முழுசாகக் குடித்தேன். புறப்படும்போது வாசல்வரை வந்து, "தீபாவளிக்கு ஊருக்கு வருவால்லா? ஒரு ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வா. ஊரு பாக்க நானே சொல்லுதேன், அந்த வார்த்தை இருக்குன்னு. அவளுக்குள்ள ஹாட்பாக்சையும் அங்கன வச்சே குடுக்கேன்" என்றார்.

"சரி அண்ணாச்சி, கூட்டிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இதுதான் உன் தம்பி ஜெயசீலனைப் பழிவாங்கின லட்சணம்.

மலர் அச்சுக்குப் போக இன்னும் பத்து நாள் இருக்கிறது. நீ இல்லை என்பதை அவர் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. அதற்கு முன்னால் நானே போய், யார் பேரும் போட்டுக்கொள்ளாமல் என் குரலிலேயே சொல்லிவிடுகிறேன். கூட்டிக்கொண்டு வர ஏலாது, அந்த வார்த்தை இருக்கிறதென்று ஊர் பார்க்க நீங்களாகச் சொல்லுங்கள் என்று கேட்கிறேன். ஒரு வேளை அங்கே போய் அழுதுவிட்டால், அதையும் உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன். இது சத்தியம்.

உன்னைக் கேட்காமலே உனக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்ட,
உன் தம்பி
வேல்ராஜ்