விரலை நீக்கிய படம்

மதினி,

மாரி உயிரோடு இருக்கிறானா? நீங்கள் இருந்தவரை உங்கள் மகனைப் பற்றி இப்படிக் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. இப்போது நானே கேட்டுக்கொள்கிறேன். பதில் எனக்குத் தெரியாது.

இன்று காலை ராஜபாளையத்தில், ஆலைக்குப் போகப் பேருந்துக்கு நின்றபோது ஒரு குறுஞ்செய்தி வந்தது. காணாமல் போனவர்களுக்கான தளத்தில் மாரிக்காக நீங்கள் போட்ட மனுவை, நீங்கள் போன பிறகு என் பெயருக்கு மாற்றி அனுப்பியிருந்தேன். அதைத் திருப்பிவிட்டார்கள். ‘புகைப்படத்தை விரல் மறைக்கிறது. தெளிவான படத்துடன் பிடிஎஃப் பதிவேற்றவும். தவறினால் மனு முடித்து வைக்கப்படும்.’ நின்றபடியே கோப்பைத் திறந்தேன். மாரியின் இடது கன்னத்தின் மேல் உங்கள் கட்டைவிரல் இருந்தது. நகத்தோரத்தில் மஞ்சள் கறை. பேருந்து வந்தது, ஏறாமல் நின்றுவிட்டேன்.

அதை எடுத்தது ஸ்ரீவில்லிபுத்தூரில் உங்கள் வீட்டு மொட்டை மாடியில். வீட்டுக்குள் எப்படி நின்றாலும் என் தலையின் நிழல் காகிதத்தின் மேல் விழுந்தது. அதனால்தான் மேலே போனோம். மேலே காற்று. போலீஸ் ரசீது, ஆதார் நகல், முறுக்குக் கம்பெனிக்காரர் கொடுத்த சான்று எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தரையில் வைத்து நீங்கள் அமுக்கிப் பிடித்தீர்கள். நான் குனிந்து கைபேசியின் ஸ்கேன் செயலியில் படம் எடுத்தேன். நாக்பூர் பக்கம் முறுக்கு போடப் போனவன், ஊருக்குக் கிளம்பி ரயில் ஏறினான் என்பதுவரை அந்தக் காகிதங்களில் இருந்தது. அதற்கு மேல் எந்தக் காகிதத்திலும் இல்லை.

கடைசியாக அவன் படம். வேலைக்குப் போகுமுன் ஸ்டுடியோவில் எடுத்தது, உள்ளங்கை அளவு. சுருண்டு சுருண்டு எழுந்தது.

“ஓரத்தை மட்டும் பிடிங்க மதினி.”

“ஓரத்தைத்தாம்ட்டி பிடிச்சிருக்கேன். காத்து தூக்குதுல்ல.”

எல்லாப் படங்களையும் செயலி ஒன்றாகச் சேர்த்துக் கறுப்பு வெள்ளையாக்கிக் காட்டியது. நீங்கள் கைபேசியை வாங்கிப் பார்த்துவிட்டு முகம் சுளித்தீர்கள்.

“ஏட்டி, எம் பிள்ளை என்ன ஜெராக்ஸ் மாதிரி ஆயிட்டான்?”

“இப்படின்னா ஃபைல் சின்னதா இருக்கும் மதினி. பெருசா இருந்தா ஏத்துக்காது.”

“அவனே ஒல்லி. இன்னும் எம்புட்டுச் சின்னதாக்குவ?”

இருவரும் சிரித்தோம். பிறகு நீங்கள் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். அவன் பக்கத்தை மட்டும் வண்ணத்துக்கு மாற்றி அனுப்பினேன். விரலை நான் கவனிக்கவில்லை, அன்றைக்கு அவர்களும் கவனிக்கவில்லை.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். ஒருமுறை நேராகவே சொன்னேன், இந்த மனுக்களை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை என்று. “பாக்க வேண்டாம்ட்டி. மூடாம வச்சிருந்தாப் போதும். மூடிட்டா அவன் இல்லைன்னு அவங்களே சொன்ன மாதிரி ஆயிரும்” என்றீர்கள். மறுத்துப் பேச என்னிடம் நிறைய இருந்தது. புரட்டாசிச் சனிக்கிழமை நம்மூர்ப் பக்கம் குன்றின் மேல் இருக்கும் திருவண்ணாமலைப் பெருமாளைக் கும்பிட்டுப் படியிறங்கியதும் நீங்கள் கேட்ட முதல் கேள்வி, “போனைப் பாரு, எதுவும் வந்திருக்கா?” என்பதுதான். நான் பார்ப்பேன். வந்திருக்காது. “சிக்னல் இல்லை மதினி” என்பேன்.

இன்று ஆலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பி உட்கார்ந்தேன். அசல் படத்தைத் திரும்ப எடுக்கலாம் என்றால் அது இல்லை. உங்களைத் தூக்குமுன் யாரோ அதை உங்கள் கையில் வைத்துவிட்டார்கள். சுடுகாட்டுக்குப் பெண்கள் போவதில்லை. அது உங்களோடு எரிந்துவிட்டதை நான் பதினாறாம் நாள் பேச்சில்தான் தெரிந்துகொண்டேன். அவன் தானே எடுத்து எனக்கு அனுப்பிய படங்கள் சில இருக்கின்றன. அவற்றில் முகத்துக்கு மாவு பூசினதுபோல ஒரு வழவழப்பு. அவனுக்கு ஒரு மச்சம் உண்டு, அது அவனுக்குப் பிடிக்காது. இடது கன்னத்தில், தாடைக்கு மேலே, மிளகளவு. அதை அழித்துக் காட்டும் கேமராவைத்தான் அவன் வைத்திருந்தான்.

மனுவில் அங்க அடையாளம் என்று நாம் எழுதியது அந்த மச்சம் ஒன்றைத்தான். உங்கள் கட்டைவிரல் இருப்பது சரியாக அதன் மேல்.

செயலியில் ‘விரலை நீக்கு’ என்று ஒரு வசதி இருக்கிறது. தொட்டேன். ஒரு சுழல் சுழன்று நின்றது. விரல் இருந்த இடத்தில் சுத்தமான கன்னம். நீங்களும் இல்லை, மச்சமும் இல்லை. இயந்திரம் அடியில் இருந்ததைத் தேடி எடுக்கவில்லை, பக்கத்துத் தோலைப் பார்த்து ஒரு தோலைச் செய்து போட்டிருக்கிறது. செய்தது நன்றாகத்தான் இருக்கிறது. யாரோ ஒரு பையன்.

வரையும் வசதியைத் திறந்து அந்த இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி வைத்துப் பார்த்தேன். திருஷ்டிப் பொட்டு வைத்த குழந்தைபோல் ஆகிவிட்டான். அழித்தேன். ஆலைச் சோதனைக் கூடத்தில் இத்தனை வருடங்களாக நூலின் வலுவை அளந்து எழுதுகிறேன். ஒரு எண்ணைக்கூட மாற்றி எழுதியதில்லை. விரலோடு அனுப்பினால் மூடிவிடுவார்கள். விரல் இல்லாமல் அனுப்பினால் அது மாரி இல்லை. மத்தியானம் முழுவதும் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்களைக் கேட்டிருந்தால், மூடாமல் வைத்தால் போதும் என்று யோசிக்காமல் சொல்லியிருப்பீர்கள்.

விரல் இல்லாததை பிடிஎஃப் ஆக்கிப் பதிவேற்றினேன். மச்சத்தைப் பற்றிய வரியை மட்டும் அப்படியே விட்டேன். படிக்கிறவர்கள் படித்துக்கொள்ளட்டும் என்று.

உங்களிடமிருந்து எனக்கு வந்தது நம்பிக்கை இல்லை மதினி. அது உங்களோடு போய்விட்டது. எனக்கு வந்தது அந்தத் தளத்தின் கடவுச்சொல். அதை மறக்காமல் வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

இதுவரை நேற்று எழுதியது. இன்று நடந்ததையும் எழுதிவிட்டு நிறுத்துகிறேன்.

சோதனைக் கூடத்தில் இருக்கும்போது மனுப் பிரிவிலிருந்து ஒருவர் அழைத்தார். மரியாதையான குரல்.

“மேடம், படம் இப்ப சுத்தமா இருக்கு. ஆனா அடையாளத்துல இடது கன்னத்துல மச்சம்னு போட்டிருக்கீங்க. படத்துல காணோமே?”

“மச்சம் உண்டு. படத்துலதான் இல்லை.”

“அதெப்படி?”

விரல் கதையைச் சொன்னேன். “செத்த நேரம் இருங்க” என்று பக்கத்தில் யாரிடமோ கேட்டுவிட்டு வந்தார்.

“மச்சம் தெரியிற படம் வேற இருக்கா?”

“இல்லை.”

“ரெண்டும் ஒத்துப்போகலைன்னா மேல போகாது மேடம். திருப்பி விட்ருவாங்க. பொறவு குளோஸ்தான். உங்களுக்குச் சம்மதம்னா மச்சத்தை நான் எடுத்துறட்டா?”

அவர் உதவத்தான் கேட்டார். பக்கத்து அறையில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

“எடுத்திருங்க” என்றேன்.

தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. “அந்தக் கட்டத்தைச் சும்மா விட முடியாது மேடம். வேற ஏதாவது அடையாளம் இருக்கா? தழும்பு, பச்சை குத்தினது, இப்படி?”

யோசித்துப் பார்த்தேன். “ஒண்ணும் இல்லை” என்றேன்.

“அப்ப ‘இல்லை’ன்னே போட்டுக்கிறேன்.”

சாயங்காலம் செய்தி வந்தது. மனு ஏற்கப்பட்டது.