ஆரஞ்சு நிறத்தில் உப்பு

மார்ச் 3
மகள் வயிற்றுப் பேரன் கப்பலில் இன்ஜினியர் ஆகிவிட்டான். அவன் தம்பி நீச்சலில் கோப்பை வாங்கியிருக்கிறான். மகன் வயிற்றுப் பேத்தியோ பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். ஒவ்வொன்றுக்கும் தபாலில் ஒரு போட்டோ வரும், கூடத்துச் சுவரில் மாட்டிவிடுவேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் வீட்டுச் சுவர் இது. கண் பட்டால் படட்டும் என்பேன்.

பட்டுத்தான் விட்டதோ? பேத்தியின் அம்மாவுக்கு, என் மருமகளுக்கு, மார்பில் புற்றுக்கட்டி. மருந்து ஏற்றுகிறார்கள். மகன் போன பிறகு இந்த வீட்டில் எனக்கு அவள், அவளுக்கு நான்.

மார்ச் 10
பேத்தியின் ஆராய்ச்சி மெஷினிலேயே மருமகளைப் படுக்கவைத்துப் படம் எடுத்தார்கள். உடம்பில் உப்பு எங்கே, எவ்வளவு என்று காட்டுமாம். கட்டியில் உப்பு அதிகம், படத்தில் ஆரஞ்சாக எரிகிறது. மருந்து வேலை செய்தால், கட்டி சுருங்கும் முன்பே அந்த நிறம் மங்குமாம்.

"இன்னும் ஆராய்ச்சிதான் பாட்டி. ரொம்ப நம்பிடாதீங்க."

உப்புதானே? அது என் கையில் இருக்கிறது. நாளை முதல் மருமகள் தட்டில் உப்பு கிடையாது. சொல்லப்போவதில்லை. சொன்னால் சண்டைக்கு வருவாள்.

மார்ச் 21
சூப்பை ஒரு வார்த்தை பேசாமல் குடித்தாள். இவளா! ஒரு கல் உப்பு குறைந்தால், "அத்தை, தூங்கிட்டே சமைச்சீங்களா?" என்கிறவள்.

ஏப்ரல் 2
இன்றும் பேசவில்லை. பாதியை வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 9
பேத்தி வந்தாள். ஒரு வாய் வைத்ததும், "என்ன பாட்டி, உப்பே இல்ல?"

மருமகள் கையில் கரண்டி அப்படியே நின்றது. "உப்பு இல்லையா? நிஜமாவா? மருந்துல என் நாக்கு செத்துப்போச்சுன்னுல்ல நினைச்சேன்!" அழுதாள். சிரித்தாள்.

கட்டியில் உப்பு ஏறக் கூடாதென்றுதான் நிறுத்தினேன் என்றேன்.

"அது சாப்பிடுற உப்பு இல்ல பாட்டி. கெட்டுப்போன செல்லு உப்பை வெளிய தள்ள முடியாம தேக்கி வச்சுக்குது" என்றாள் பேத்தி.

மருந்தோட மல்லுக்கட்டுறவளுக்கு வாய் ருசியையும் பறிச்சிட்டேனே, பாவி.

மருமகள் உப்பு ஜாடியைத் தன் தட்டருகே இழுத்துக்கொண்டாள். "உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்வாங்க. போடாதவங்கள என்ன பண்றது அத்தை?"

ஏப்ரல் 16
இரண்டாவது படம். நிறம் மங்கவில்லை, பரவியிருக்கிறது. பேத்திதான் போனில் சொன்னாள், ஆபீஸ் குரலில்.

தொட்டுப் பார்த்தால் கட்டி முன்போலத்தான். அதற்குள் எதுக்கு இது முந்திக்கிட்டுச் சொல்லணும்? இந்த மெஷினை நினைத்துத்தானே ஊரெல்லாம் பெருமை அடித்தேன்—

மே 30
மருந்தை மாற்றினார்கள். அதுவும் கேட்கவில்லை. அடுத்தது கேட்கும் என்று அவள் என்னைத் தேற்றுகிறாள், முட்டையில் உப்பைத் தூவிக்கொண்டே.

செப்டம்பர் 12
பேத்திக்கு டாக்டர் பட்டம் கிடைத்துவிட்டது. பார்க்க வேண்டியவள் இல்லை. உப்பு ஜாடி அவள் வைத்த இடத்திலேயே இருக்கிறது.

கறுப்பு அங்கி போட்ட போட்டோ அனுப்புவதாகப் பேத்தி சொன்னாள். அனுப்பு, ஆணி அடித்தாயிற்று என்றேன். பிறகு கேட்டேன்.

"உங்கம்மா போட்டோ ஒண்ணும் வேணும்டி கண்ணு. அந்த ஆரஞ்சுப் படம் இல்ல. முகம் தெரியணும், சிரிக்கணும். புதுசா, பெரிசா போட்டுத் தபால்ல அனுப்பு."