மழைக்குத் தாள் வைத்தவள்

வண்ணப் பெட்டியைத் திறந்ததும் அந்தப் பேண்டேஜ் துணி கையில் தட்டுப்பட்டது. நீ வேலை பார்த்த தறியிலிருந்து அள்ளி வந்த கழிவுகளில் மிஞ்சிய துண்டு, நீலம் காய்ந்து விறைத்துக் கிடந்தது. நனைத்தேன். இன்னும் உன் நீலம் கசிகிறது.

காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஓவியக் கண்காட்சிக்கு, உன் அம்மா என்னிடம் தந்த உன் படத்தைக் கொண்டுபோனேன். நடுவில் ஒரே நீலத் தீற்றல், அதன்மேல் துளித்துளியாய் வெளிறிய வட்டங்கள்.

பொறுப்பாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "ஏம்மா, மழை பட்டுக் கெட்டுப்போச்சே. அந்தப் பிள்ள கோபுரம் எதுவும் வரையலையா?"

நீயாக இருந்தால் சிரித்திருப்பாய். எனக்கு வரவில்லை.

அதை நீ வரைந்த அன்று, ராஜபாளையத்தில் உங்கள் வீட்டு மொட்டைமாடி. மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. தாளை எடுத்துக்கொண்டு ஓடப்போன என் கையை நீ பிடித்தாய்.

"ஏட்டி, வையி. செத்த நேரம் விழட்டும்."

"மழை கெடுத்துரும்டி."

"கெடுக்கட்டும். எம்புட்டு கெடுக்கணும்னு நாந்தான சொல்லணும்."

தோளிலிருந்து கையை வீசி ஈரத் தாளில் ஒரு தீற்றல். பிறகு தூரிகையை வைத்துவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாய். சாரல் விழுந்த இடமெல்லாம் நீலம் விலகி வெள்ளை திறந்தது. நான் பதறினேன், நீ அசையவில்லை. திடீரென்று தாளைத் தூக்கி உள்ளே கொண்டுபோய், ஓரத்து நீரை இந்தத் துணியால் ஒற்றினாய். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் தீற்றலே கரைந்திருக்கும்.

"மழை போட்ட படம்," என்றேன் கிண்டலாக.

"மழை ஊருக்கே பெஞ்சுது. தாள வெளிய வச்சது யாரு? எடுத்தது யாரு?"

காய்ச்சலில் நீ போனபோது துக்கத்துக்கு வந்தவர்கள் உன்னையும் இந்தப் பொறுப்பாளர் மாதிரித்தான் பேசினார்கள். பாதியில் நின்றுபோனதாம், வீணாய்ப் போனதாம். அன்று வாயடைத்து நின்றேன். எடுக்கும் நேரம் அந்த ஒரு தடவை உன் கையில் இல்லை, அவ்வளவுதான். மற்றதெல்லாம் நீ வைத்தது.

இன்று வாய் திறந்தேன். "கெடல சார். வேணும்னே மழையில வச்சா. மாட்டுனா இதுதான். இல்லைன்னா எடுத்துட்டுப் போறேன்."

அவர் என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "சரிம்மா, மூலையில மாட்டு. யாராச்சும் கேட்டா நீதான் பதில் சொல்லணும்."

"சொல்றேன் சார்."

மாட்டிவிட்டு வந்துவிட்டேன். இப்போது மலைப்பக்கம் இருட்டுகிறது. கீழ்வீட்டுக்காரர்கள் துணி எடுக்க ஓடுகிறார்கள். நான் எங்கள் மாடியில் புதுத் தாளை விரித்திருக்கிறேன். உன் துணி என் கையில் ஈரமாக இருக்கிறது. விழட்டும். எப்போது எடுப்பது என்று நான் சொல்வேன்.