அம்மாவே போட்டுப் பார்க்க ஒரு லினக்ஸ்

அப்பா, நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதப் போகிறேன். எனக்குப் பெருமை தராத இடங்களையும் விடமாட்டேன்.

போன வாரம் தொலைக்காட்சிக்குக் கீழே இருக்கும் உங்கள் கணினியை, நீங்கள் காலமாகிப் பல மாதங்களுக்குப் பிறகு தட்டிவிட்டேன். விசிறி சுழன்றதும் சூடான தூசி வாசம் கிளம்பியது. அடுப்படியிலிருந்து அம்மா கரண்டியோடு வந்து நின்றார். நீங்கள்தான் போட்டீர்கள் என்று ஒரு நொடி நினைத்திருப்பார். அடுப்படிக்கே திரும்பிப் போனார்.

திரை முழுதாக வருவதற்குள் சோறு வெந்துவிட்டது. படம் ஓடவே இல்லை. வீட்டுக்கு வந்திருந்த சித்தப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.

“விடு பாப்பா. அது வயசான பெட்டி லா. ஞாயித்துக்கிழமை பழைய இரும்பு லாரி வரும், ஏத்தி விட்டுடலாம். உள்ள இருக்கறத பென் டிரைவ்ல எடுத்து வச்சிக்க. அண்ணிக்கு நான் புது பாக்ஸ் வாங்கித் தாரேன்.”

அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அவர் வீட்டில், தொலைக்காட்சியில் மாட்டிப் படம் பார்க்கும் அப்படியொரு புதுப் பெட்டி இருக்கிறது. எல்லாம் ஆங்கிலம். அங்கே போனால் அம்மா ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு, யாராவது வந்து போட்டுவிடட்டும் என்று உட்கார்ந்திருப்பார். நான் அதைப் பார்த்திருக்கிறேன்.

“ஞாயிறு வரைக்கும் டைம் குடுங்க சித்தப்பா” என்றேன்.

அலோர் காஜா டவுனில் ஓர் அலுவலகம் கழித்துவிட்ட கணினி அது. அதைக் கொண்டுவந்த அன்று நீங்கள் தரையில் சம்மணமிட்டு, ஒற்றை விரலால் தமிழில் தட்டித் தட்டிப் பெயர் வைத்தீர்கள். ‘சிரிப்புப் படங்கள்’. ‘அழுகைப் படங்கள்’. ‘மாமியார் வந்தால் போடும் படங்கள்’. நீங்களே எடுத்த வீடியோக்களுக்கு ‘நம்ம வீட்டுப் படம்’.

“இங்கிலீஷ்ல போட்டா சீக்கிரம் முடியும்லப்பா?” என்று கேட்டேன்.

நிமிராமலே சொன்னீர்கள்: “உங்கம்மா யாரையும் கேக்காம அவளே போட்டுப் பாக்கணும்.”

எஸ்டேட் தமிழ்ப் பள்ளியோடு அம்மாவின் படிப்பு நின்றுபோனது எனக்கு அப்போதும் தெரியும். ஆனால் நீங்கள் சொன்னதை நான் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை.

பள்ளி நூலகக் கணினியில் படித்துத் தெரிந்துகொண்டேன். லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில் பழைய கணினிகளுக்கென்றே இலேசான வகைகள் பல இருக்கின்றன. எதையும் அழிக்காமல், பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். முதலில் பார்ப்பதற்கு அழகான ஒன்றைப் போட்டேன். விசிறி கத்தியது, படம் திக்கித் திக்கி ஓடியது. அடுத்து, இருப்பதிலேயே இலேசானது. பல் துலக்கிவிட்டு வருவதற்குள் எழுந்து நின்றுவிட்டது. படமும் தண்ணீர் மாதிரி ஓடியது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாவைக் கூப்பிட்டேன்.

அம்மா திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார்.

“என்னம்மா இது, கட்டம் கட்டமா இருக்கு? அப்பா எழுதி வச்சதெல்லாம் போச்சா?”

தமிழெழுத்து இருந்த இடமெல்லாம் வெறும் கட்டங்கள். ஓடுகிற வேகத்தைப் பார்த்த நான் அதைப் பார்க்கவே இல்லை. பெயர்கள் அழியவில்லை, அந்த லினக்ஸில் தமிழ் எழுத்துரு இல்லை, அவ்வளவுதான் என்று விளக்கினேன். அம்மா தலையாட்டினார். முகம் நம்பவில்லை. நீங்கள் இந்தக் கணினிக்கு வாங்கிவைத்த ரிமோட்டை அழுத்தினார், அதற்கும் அசைவில்லை. அதை மெதுவாக மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

அன்றுதான் உங்கள் பேச்சு எனக்கு முழுதாகக் கேட்டது, அப்பா. எது இலேசு என்பதல்ல கேள்வி.

பிறகு தேடியது வேறு மாதிரித் தேடல். கொஞ்சம் கனமானது, எழுந்திருக்கச் சற்று நேரமாகும். ஆனால் தமிழ் தெரிந்தது, ரிமோட்டுக்குக் கட்டுப்பட்டது. தேவையில்லாமல் பின்னால் ஓடிக்கொண்டிருந்தவற்றை ஒவ்வொன்றாக நிறுத்தினேன். திறந்ததும் நேராக உங்கள் பட்டியல் வரும்படி செய்தேன். கணினியில் பதிக்கும்போது தவறி அழிந்துவிடக் கூடாதென்று, உங்கள் படங்கள் இருக்கும் தனி வட்டின் வயரை முன்கூட்டியே கழற்றி வைத்துவிட்டேன்.

ஞாயிறன்று மழை இருட்டு. கூடத்தில் விளக்குப் போட்டிருந்தோம். தெருமுனையில் இரும்பு லாரியின் ஒலிபெருக்கி கேட்டது. சித்தப்பா வயர்களைக் கழற்றக் குனிந்தார்.

“அம்மா ஒருதடவ போட்டுப் பாக்கட்டும் சித்தப்பா” என்றேன். ரிமோட்டை அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

அம்மா வாய்க்குள் எழுத்துக்கூட்டிக்கொண்டே கீழே இறங்கினார். மாமியார் படங்களில் நின்று சிரித்தார். அதையும் தாண்டி ‘நம்ம வீட்டுப் படம்’. அழுத்தினார்.

கிளேபாங் கடற்கரை. அம்மா கையில் இளநீர். கேமராவுக்குப் பின்னாலிருந்து உங்கள் குரல்: “நிமிந்து பாரு புள்ள. உன்னத்தானே எடுக்கறேன், கடலையா எடுக்கறேன்?”

சித்தப்பா வயரை விட்டுவிட்டார். லாரி வாசலுக்கு வந்து நின்றது. வெளியே போய், “தாக் அடா, பாங்”, ஒன்றுமில்லை அண்ணே என்று மலாயில் சொல்லிக் கையசைத்து அனுப்பிவிட்டு வந்தார். நெடுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, “அந்தப் பாக்ஸ் வேணாம் போல” என்றார்.

அடுத்த ஆண்டு எந்தப் பாடப்பிரிவு எடுப்பது என்று பள்ளியில் கேட்கிறார்கள். கணினி அறிவியல் என்று எழுதிவிட்டேன். எதைச் செய்தாலும், அதைக் கையில் பிடிக்கப் போகிறவர் யார் என்று முதலில் பார்ப்பேன். உங்களிடமிருந்து எனக்கு வந்தது இதுதான்.

படம் முடிந்ததும் அம்மா எங்களிடம் ஒன்றும் கேட்காமல் அடுத்ததைத் தேர்ந்தெடுத்தார். திரையில் விளக்கு வெளிச்சம் விழுகிறது என்று சொன்னார். எழுந்து போய் அணைத்தேன்.