நீலவேணி என்ற பெயர்

1974, ஆவணி மாதம், வெள்ளி இரவு

தூக்கம் வருமென்று தோன்றவில்லை.

இன்று குழந்தைக்குப் பெயர் வைத்தோம். நாடகப் பாட்டுக்காரி நீலவேணியின் பெயரை வைக்கலாம் என்று சொன்னேன். வாந்தியெடுத்துக் கிடந்த மாதமெல்லாம் ரேடியோவில் அவள் குரல்தான் எனக்குத் துணை. மாமனாருக்கு முகம் சிவந்துவிட்டது.

"கட்டுனவன உட்டுப்போட்டு வந்தவ பேரு நம்மூட்டுப் புள்ளைக்கா? காலேஜுல இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?"

மீனாட்சிபுரத்துச் சொந்தமெல்லாம் கூடத்தில் இருந்தது. எங்கிருந்து தைரியம் வந்ததோ, "உங்க மகனுக்கு நீங்க வெச்சது யாரு பேருங்க மாமா?" என்று கேட்டுவிட்டேன். அதற்கு மேல் புருஷன் பேரை எப்படி வாயால் சொல்வது? நாத்தனார்தான் போட்டு உடைத்தாள்.

"ராஜபார்ட் சின்னச்சாமி பேருதானுங்கப்பா! அந்தாளுக்கு மூணு ஊடு இருந்துச்சுங்களே!"

"அவரு பாட்டு வேற, நடத்தை வேற" என்றார் மாமனார்.

"அப்ப நீலவேணிக்கும் அப்படித்தானுங்களே?" என்றேன்.

கூடமே சிரித்தது. இவரும் குனிந்துகொண்டு சிரித்தார். மாமனார் எழுந்து களத்துப் பக்கம் போய்விட்டார். வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை! உடனே நாத்தனார் குழந்தையை மடியில் வாங்கி, காதில் மூன்று தரம் சொல்லிவிட்டாள். அத்தை வைத்த பேரை இனி யார் மாற்றுவது?

காலையில் மாமா முகத்தில் எப்படி விழிப்பேனோ. இந்தப் பேரோடு பள்ளிக்கூடம் போனால் யாராவது... ஒருவேளை இவளும் ஒரு நாள், கட்டினவனை விட்டுவிட்டு... சே, என்ன நினைப்பு இது.

வந்தால்தான் என்ன? கதவைத் திறக்கப் போகிறவள் நான்தானே.