எடுக்காத நீருக்கு என் கையெழுத்து

அனுப்புநர்:
இ. ஆயம்மாள் (வயது 44),
க/பெ. இருசப்பன்,
ஓடைக்கரைத் தெரு, நெட்டாங்கல் கிராமம்,
கச்சிராயபாளையம் வழி,
கள்ளக்குறிச்சி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
கள்ளக்குறிச்சி.

பொருள்: நெட்டாங்கல் ஓடையின் ஆய்வறிக்கையில் எடுக்காத நீரை எடுத்ததாக எழுதி, என் கையெழுத்தைச் சாட்சியாக்கியது – அறிக்கையை ரத்து செய்து மறு ஆய்வு நடத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் சொந்த நிலம் இல்லாத விவசாயக் கூலி. எட்டாம் வகுப்பு வரை படித்தவள். இம்மனுவை நானே எழுதுகிறேன். இதில் பிழை இருக்கலாம், பொய் இல்லை.

1. கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் எங்கள் ஓடையின் கரையில், ஊருக்கு மேற்கே ஆறு வருடங்களாக ஒரு ஜவ்வரிசி ஆலை நடக்கிறது. மரவள்ளிக்கிழங்கு அரைத்த கழிவுநீர் ஓடையில் விழுகிறது. சென்ற ஆண்டு ஆலையைப் பெரிதாக்க அனுமதி கேட்டார்கள். ஊரார் எதிர்த்தோம். ஓடையின் நலத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்வதாகச் சொல்லி, 9.11.2022 அன்று நால்வர் கொண்ட ஆய்வுக்குழு வந்தது. நண்டும் அயிரை மீனும் பிடித்துப் பழகியவள் என்பதால், ஓடையில் இறங்கும் துறை காட்ட ஊரார் என்னை அனுப்பினார்கள்.

2. ஆலைக்கு மேலே, ஆலைக்குக் கீழே, நடவு வயலுக்கு அருகே என மூன்று இடங்களில் ஆய்வு என்றார்கள். முதல் இடத்தில் முறையாகவே செய்தார்கள், அதை மறைக்க மாட்டேன். குழுவில் வந்த இளம் பெண் அலுவலர் முழங்கால் நீரில் இறங்கிக் கற்களைப் புரட்டி, வலையில் கழுவி, வெள்ளைத் தட்டில் கொட்டினார். மூன்று வால் உள்ள பூச்சி, மணலால் கூடு கட்டிய புழு, தட்டானின் குஞ்சு எல்லாம் நெளிந்தன. "இதுங்க நல்ல தண்ணியிலதான்மா இருக்கும். தண்ணி கெட்டா மொதல்ல சாவறது இதுங்கதான்" என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார். அவர் பெயரை நான் எழுதவில்லை. அவர் வேலைக்குக் கேடு வரக்கூடாது.

3. ஆலைக்குக் கீழே போனதும் புளித்த நாற்றம். குழுத்தலைவர் ஜீப்பை விட்டு இறங்கவில்லை. "எல்லாம் ஒரே தண்ணிதான். மேலயே மூணு பாட்டிலும் ரொப்பிக்கினு போயிடலாம்" என்றார். "சார், இங்கதான் சார் பாக்கணும்" என்றார் அந்தப் பெண். வண்டி திரும்பியது. மூன்று பாட்டிலும் முதல் இடத்திலேயே நிரப்பப்பட்டு, மூன்று இடங்களின் பெயரும் ஒட்டப்பட்டன. பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். பிறகு எதுவும் எழுதாத ஒரு தாளைக் குழுத்தலைவர் நீட்டினார். எதற்கு என்று கேட்டேன். "நீ வந்ததுக்கு அடையாளம்மா, போடு" என்றார். போட்டேன். படித்தவர்கள் செய்வதில் காரணம் இருக்கும் என்று நினைத்தது என் தவறு.

4. 26.1.2023 கிராம சபையில் அறிக்கை வாசிக்கப்பட்டது. மூன்று இடங்களிலும் உயிரினங்கள் செழிப்பாக உள்ளன, ஓடை நல்ல நிலையில் உள்ளது, உள்ளூர்வாசி ஆயம்மாள் முன்னிலையில் நீர் எடுக்கப்பட்டது என்று இருந்தது. அப்போது என் அருகில் இருந்த காசியம்மாள் எழுந்தார். அந்த நீரில் நடவு நட்டு முழங்கால் வரை புண்ணானவர். சேலையைத் தூக்கிக் காலைக் காட்டி, "நீ பாத்து கையெழுத்து போட்டியாமே ஆயம்மா. இதப் பாத்தியா?" என்று கேட்டார். சபையே என்னைப் பார்த்தது. நான் நடந்ததைச் சொன்னேன். சிலர் நம்பவில்லை. ஆலையில் எனக்கு ஏதோ கொடுத்திருப்பார்கள் என்று காதுபடப் பேசினார்கள்.

5. ஆகவே 29.1.2023 ஞாயிறு காலை, மாவு சல்லடையும் வெள்ளைத் தட்டும் எடுத்துக்கொண்டு ஊரார் பதினேழு பேருடன் ஓடையில் இறங்கினேன். அந்த அலுவலர் செய்தபடியே செய்தேன். ஆலைக்கு மேலே ஒன்பது வகை உயிர்கள். ஆலைக்குக் கீழே நாற்பது கற்களைப் புரட்டினோம். சாம்பல் நிறக் கொழகொழப்பும் சேற்றில் சிவப்புப் புழுவும் தவிர வேறொன்றும் இல்லை. ஒரு நண்டு இல்லை, ஒரு அயிரை இல்லை. வயலருகே அதே சிவப்புப் புழுதான். தட்டை முதலில் வாங்கிப் பார்த்தவர் காசியம்மாள். இம்மனுவில் முதல் கைரேகையும் அவருடையதே.

6. மறுநாள் குழுத்தலைவரின் அலுவலகத்துக்குப் போய், பிற்பகல் மூன்று மணி வரை காத்து நின்று அவரைப் பார்த்தேன். "ரிப்போர்ட் மேல போயிட்டுது. பூச்சியப் பத்தி ஒனக்கு இன்னாம்மா தெரியும்?" என்றார். ஐயா, எனக்குத் தெரிந்தது அவருடைய குழு கற்றுக்கொடுத்தது. அவருக்குத் தெரியாதது, தண்ணீரில் இறங்காததால் தெரியாதது.

7. இந்த அறிக்கையை வைத்து 27.2.2023 அன்று ஆலை விரிவாக்க அனுமதி முடிவாகும் என அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். செத்த ஓடையை உயிரோடு இருப்பதாக எழுதி, அதற்கு ஒரு கூலிக்காரியின் பெயரைக் காவல் வைத்திருக்கிறார்கள். அந்தத் தாள் கோப்பில் இருக்கும் ஒவ்வொரு நாளும் நான் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எனவே, மேற்படி தேதிக்கு முன் அந்த அறிக்கையை ரத்து செய்து, என் கையெழுத்தை நீக்கியதற்கு எழுத்துமூலம் பதில் தரவும், ஊரார் முன்னிலையில் புதிதாக ஆய்வு நடத்தவும் ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். குழு எந்த நாளில் வந்தாலும் துறை காட்ட நான் வருகிறேன். ஆனால் முதலில் ஆலைக்குக் கீழே இறங்க வேண்டும். குழுத்தலைவரும் இறங்க வேண்டும்.

இடம்: நெட்டாங்கல்
நாள்: 6.2.2023

இப்படிக்கு,
இ. ஆயம்மாள்

இணைப்பு: 29.1.2023 அன்று ஓடையில் கண்டவற்றின் பட்டியல். உடனிருந்த பதினேழு பேரின் கையெழுத்தும் கைரேகையும்.