உன் அம்மாவின் சம்மதப் படிவம்

வாலாஜாபாத்
17-11-91, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் செந்தாமரைக்கு அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே உன் அம்மா சுகமாக இருக்கிறாள், எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் ஒரு மாதமாகச் சரியில்லை. பிலாயில் குளிர் ஆரம்பித்திருக்கும், நீயும் மாப்பிள்ளை ரகுபதியும் நோய்நொடி இல்லாமல் இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். உன் கடிதம் போன திங்கட்கிழமையே கிடைத்துவிட்டது. அங்கே தமிழ்க்காரர்கள் நடத்துகிற குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் உன்னை டீச்சராகக் கூப்பிடுகிறார்கள், மாப்பிள்ளை வேண்டாம் என்கிறார், நான் ஒரு வரி எழுதினால் கேட்பார் என்று எழுதியிருக்கிறாய். அம்மாவையே கம்பெனி வேலைக்கு அனுப்பியவர் எங்கள் அப்பா என்று அவரிடம் பெருமையாக வேறு சொல்லி வைத்திருக்கிறாய். அதைப் படித்ததும் யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. மாப்பிள்ளைக்கு எழுத நாலு தரம் உட்கார்ந்தேன், நலம் விசாரித்த வரிக்கு மேல் பேனா நகரவில்லை. ஏன் என்று எழுதுகிறேன், கோபப்படாமல் கடைசிவரை படி கண்ணு.

முதலில் ஒன்று தெரிந்துகொள், நான் உன் அம்மாவை அனுப்பவில்லை. பின்தெரு தாயாரம்மாள்தான் ஆனி மாதம் கூட்டிக்கொண்டு போனாள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் நெடுஞ்சாலை ஓரமாக, வெளிநாட்டு ஷூவுக்கு மேல்தோல் தைக்கிற கம்பெனி. ஒரு வாரம் தாங்கமாட்டாள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவாள் என்று நினைத்துத்தான் சும்மா இருந்தேன். நம் கடை வழக்கம் உனக்குத் தெரியும். துணி வெட்டுவதும் மிஷின் ஓட்டுவதும் நான், வீட்டில் உட்கார்ந்து ஊக்கு வைப்பது, காஜா எடுப்பது, ஹெம்மிங் எல்லாம் அவள். டெய்லர் வீடுகளில் எல்லா இடத்திலும் அப்படித்தான். இருபத்திரண்டு வருஷமாக அவள் கண் வலிக்க வலிக்க முடித்துக் கொடுத்த ஜாக்கெட்டையெல்லாம் ஊர்க்காரர்கள் நடேசன் தைத்தது என்றுதான் சொல்லி வாங்கிப் போனார்கள், நானும் ஆமாம் என்றுதான் தலையாட்டினேன். கடை மிஷினை அவள் தொட்டதே இல்லை என்று நினைத்திருந்தேன். நான் மத்தியானம் சாப்பிட்டுக் கண் அசரும் நேரத்தில் உட்கார்ந்து பழகியிருக்கிறாள், அதுவும் எத்தனையோ வருஷமாக. கம்பெனியில் பரீட்சை மாதிரி ஒரு துண்டுத் தோலைத் தைக்கச் சொன்னார்களாம், தைத்ததைப் பார்த்துவிட்டு அந்த மேனேஜர் யாரம்மா உனக்குக் கற்றுக்கொடுத்தது என்று கேட்டாராம். யாரும் இல்ல சார், பாத்துப் பாத்து நானே கத்துக்கினேன் என்று சொல்லியிருக்கிறாள். தாயாரம்மாள் இதைத் தெருக்குழாயில் நின்று சிரித்துக்கொண்டே சொன்னாள். என் பேரைச் சொல்லியிருந்தால் அவள் வாய் தேய்ந்தா போயிருக்கும்? எனக்கு வயிறு எரிந்தது செந்தாமரை. ஊசியில் நூல் கோக்கக்கூட நான்தானே காட்டிக்கொடுத்தேன்.

அன்றைக்கு ஆரம்பித்தது இந்த வயிற்றெரிச்சல். காலையில் ஆறு மணிக்கெல்லாம் கம்பெனி வேன் வந்து ஹாரன் அடிக்கும். அவள் போட்டோ ஒட்டிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஓடுவாள். எனக்குப் போட்டோ என்று இருப்பதே எங்கள் கல்யாணப் படம் ஒன்றுதான், இவளுக்குத் தனியாக ஒன்று, அதன் கீழே பாஞ்சாலி என்று பெயர், அதற்கும் கீழே ஒரு நம்பர். டீக்கடை கோதண்டராமன் நான் போனால், இன்னா நடேசா, வூட்ல கம்பெனிக்கார அம்மா ஷிப்டுக்குப் போயாச்சா, நீ சோறு வடிச்சிட்டியா என்கிறான். நானும் சிரித்து வைக்கிறேன், வடித்துவிட்டுத்தானே வந்திருக்கிறேன். ஆனால் இதெல்லாம் கூடப் பரவாயில்லை. ஒருநாள் காஜா ஊசி வாங்க ஸ்ரீபெரும்புதூர் போய்ச் சாயங்காலம் திரும்பும்போது ஒரகடம் கூட்ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றேன், அவள் வேன் அந்தப் பக்கமாகப் போயிற்று. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்துப் பெண் என்னவோ சொல்ல, இவள் தலையைப் பின்னால் சாய்த்து, வாயைக் கையால் மூடாமல், குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். என்னைப் பார்க்கவில்லை. அந்தச் சிரிப்பை நான் என் வீட்டில் ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. வேறு ஆண்பிள்ளை யாரையாவது பார்த்துச் சிரித்திருந்தால்கூட சண்டை போட ஒரு வழி இருந்திருக்கும், கம்பெனி வண்டியில் சிரித்தவளிடம் என்ன கேட்பது? வீட்டுக்கு வந்து, கை தோல் நாற்றம் அடிக்குது, சோப்பு போட்டுக் கழுவு என்று எரிந்து விழுந்தேன்.

தீபாவளிக்கு முன்னால் அந்தப் படிவம் வந்தது. நாலு மாதத்தில் அவளை லைன் சூப்பர்வைசர் ஆக்கப் போகிறார்களாம், அதற்காக டிசம்பர் இரண்டாம் தேதியிலிருந்து மெட்ராஸில் ஆறு வாரப் பயிற்சி, பெண்கள் ஹாஸ்டலில் தங்கவேண்டும். கல்யாணமான பெண் என்றால் கணவன் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும், அது அவர்கள் கம்பெனி வழக்கம். அம்மா கொண்டுவந்து மிஷின் மேல் வைத்தாள். தீபாவளித் துணி குவிந்து கிடக்குது, அப்புறம் பார்க்கலாம் என்று அளவு நோட்டுக்குள் செருகினேன். அவள் இரண்டு தரம் கேட்டாள், இரண்டு தரமும் எங்கே வைத்தேனோ என்றேன். தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை ஒரு ஜாக்கெட்டுக்கு முதுகுக் கழுத்து வெட்டக் காகித மாதிரி வேண்டியிருந்தது. நாங்கள் கைக்குக் கிடைத்த காகிதத்தில்தானே கழுத்து மாதிரி வெட்டுவோம், அந்தப் படிவம் நல்ல தடித்த காகிதம். மடித்துக் கத்தரியை வைத்து வெட்டிவிட்டேன். வேலை மும்முரத்தில் கவனிக்கவில்லை, கை தவறிவிட்டது என்று உன் அம்மாவிடம் சொன்னேன். உனக்கும் அப்படியே எழுதலாம் என்றுதான் நினைத்தேன். அது பொய். அச்சடித்த எழுத்தைப் பார்த்துக்கொண்டேதான் வெட்டினேன், வெட்டும்போது சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஆணியில் மாட்டியிருந்த காகிதங்களில் அவளே அதைக் கண்டுபிடித்தாள். நடுவில் கழுத்து போக மிச்சத்தில், கணவர் கையொப்பம் என்ற வரி மட்டும் பழுதில்லாமல் இருந்தது. மறுபடி கம்பெனிக்குப் போய் வேறொரு படிவம் கேட்டிருக்கிறாள். வாங்கி வந்து என் முன்னால் வைத்துவிட்டு நின்றுகொண்டே சொன்னாள், புருஷன் செத்துப்போனவளுங்க அவங்களே கையெழுத்து போட்டுக்கலாமாங்க, நீங்க இருக்கறதால எனக்குத்தான் அப்படிப் போட ஆவலை. சொல்லிவிட்டுப் போய் உலை வைத்தாள். நான் வைத்திருந்த அரிசியைக் கீழே இறக்கிவிட்டுத் தன் கையால் வைத்தாள். திட்டு வாங்கியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். நான் உயிரோடு இருப்பது அவளுக்கு என்னவாக இருக்கிறது என்று அவள் சொல்லி நான் கேட்க வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகும் ஒரு வாரம் கையெழுத்துப் போடவில்லை பார், அப்படிப்பட்ட நெஞ்சு எனக்கு. மழை வேறு விடாமல் பெய்தது, கடையில் வேலையில்லை, மிஷினையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் உன் கடிதம் வந்தது. அவளுடைய தையல் என் தையலைவிட நல்ல தையல், இதுதான் கண்ணு விஷயம். அவள் ஒரு தரம் தைத்துக் காட்டிய தோல்துண்டை வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தாள், அவள் இல்லாதபோது கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன், வளைவில் ஒரு தையல்கூடப் பிசகவில்லை. என்னால் அப்படி வராது. இப்படிப்பட்ட கையை இருபத்திரண்டு வருஷம் ஊக்கு வைக்கச் சொல்லி உட்கார வைத்திருக்கிறேன். நேற்று சனிக்கிழமை காலையில் வேன் வருவதற்கு முன்னால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தாள், மடித்து அட்டைக்குப் பின்னால் வைத்தாள், சாயங்காலம் வர லேட்டாவும், ஓவர்டைம் கீது என்றாள். அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை, அவளும் எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை. பொறாமை போய்விட்டது என்று எழுதினால் நீ நம்பாதே, இன்றைக்கு அவள் மெட்ராஸுக்கு எடுத்துப்போகப் பெட்டியைத் துடைக்கிறாள், துடைக்கும்போது என்னவோ முணுமுணுத்துப் பாடுகிறாள், அதுகூட எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பெட்டியின் தாழ்ப்பாள் கழன்றிருந்தது, அதை நான்தான் சரிசெய்து கொடுத்தேன்.

இப்போது சொல், நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு மாப்பிள்ளைக்குப் புத்தி சொல்லி எழுதுவது? பெரியமனுஷன் மாதிரி நாலு நல்ல வார்த்தை எழுதினால் அது ஊரை ஏமாற்றுவது. அதனால் அவருக்குத் தனிக்கடிதம் எழுதவில்லை. இந்தக் கடிதத்தையே அவர் கையில் கொடு. மாமனார் என்ற மரியாதை குறைந்துபோகும், குறையட்டும். அவருக்கும் உள்ளே இப்படித்தான் ஏதோ எரிகிறது என்று எனக்குத் தோன்றுகிறது, அவர் அதற்கு வேறு பேர் வைத்திருப்பார், நான்கூட தீபாவளி வேலை என்றுதானே பேர் வைத்தேன்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. நீங்கள் இருவரும் ஒற்றுமையாக, ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழ முருகன் அருள் உண்டு. ஒன்றை மறந்துவிடாதே. அவர் இதைப் படிக்கும்போது நீ அடுப்பைப் பார்க்கிறேன் என்று எழுந்து போய்விடாதே, படித்து முடிக்கிறவரைக்கும் அவர் எதிரிலேயே உட்கார்ந்திரு.

இப்படிக்கு,
உன் அப்பா
வா. நடேசன்